கோட்டுப் பையில் கை

அவள் வேலையை விட்ட அன்று கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் ஒருவர் சொன்னார்: "நாற்காலியைத் துடைச்சு வைக்கிறோம். எப்படியும் வந்துடுவீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் உறுத்தியது.

தலைமுடி முழுதும் கறுப்பாக இருந்த காலம் தொட்டு அந்த அறையில் உட்கார்ந்து ரயில்களை நகர்த்தியவள். எந்த வண்டி நிற்கும், எது முந்தும் என்று ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குப் போனில் சொல்வது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் கன்ட்ரோலரம்மா. இப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். வேறு ரயில் நிறுவனங்களுக்குப் போய், வேலை நடப்பதைப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று எழுதித் தர வேண்டும். முதல் வேலை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம். இல்லையென்றால் துடைத்து வைத்த நாற்காலி.

புது முதலாளி அவளைவிட வயதில் சின்னவர். ஒரே ஒரு புத்திமதி சொன்னார்.

"மேடம், பாருங்க, கேளுங்க, எழுதுங்க. எதையும் தொட மட்டும் தொடாதீங்க."

அவள் கணவர் தையல்காரர். புது வேலைக்கென்று ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தாள். பைகள் கைகளை முழங்கை வரை விழுங்கின.

"என்னங்க இது, பையா கிணறா?"

"உன் கை சும்மா இருக்காது. ரெண்டையும் உள்ள போட்டு வச்சுக்கோ."

"அப்போ வாய்?"

"அதை மூட எங்கிட்ட அவ்வளவு துணி இல்ல."

முதல் நாள். அவள் பார்வையிட வேண்டிய ரயில் நிறுவனத்தின் வாசலில் காவலாளி யாரென்று கேட்டார். "கன்ட்ரோலர்" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, கன்சல்டன்ட்" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

அறையில் கன்ட்ரோலர் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். அதே பச்சை விளக்குகள், அதே கறுப்புப் போன், அதே ஆறிய டீ. கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கன்ட்ரோலர், "அக்கா, தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன்" என்று பாட்டிலோடு எழுந்து போனார்.

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கை பையைவிட்டு வெளியே வந்தது.

"சரக்கு வண்டி ரெடி. விடட்டுமா?" என்றது ஒரு குரல்.

"விடாதீங்க. பின்னாடி பாசஞ்சர் வருது. அது முந்தட்டும்."

"சரிங்கம்மா."

போனை வைத்தாள். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. பாசஞ்சர் வருவது இங்கே இல்லை. அவளுடைய பழைய பாதையில். இங்கே பின்னால் எந்தப் பாசஞ்சரும் இல்லை.

தண்ணீரோடு வந்த கன்ட்ரோலரிடம் சொன்னாள். அவர் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டாராம். அவரைத் தேடிப் பிடித்து வண்டியைக் கிளப்புவதற்குள் பின்னால் இன்னொரு சரக்கு வண்டி வந்து நின்றது. அறைக்குள் போக்குவரத்து மேலாளர் வந்து நின்றார். கூடவே அவளுடைய முதலாளி.

"ஏன் நிக்குது?" என்றார் மேலாளர்.

"அது வந்து சார், சிக்னல்ல ஏதோ..." என்று இழுத்தார் கன்ட்ரோலர்.

"சிக்னல் இல்ல. நான்தான் சார் நிறுத்தினேன்" என்றாள். தப்பு செய்தால் அடுத்தவர் கண்டுபிடிக்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும். அவள் பழகிய வேலை அப்படி.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

மேலாளர் அவளையே பார்த்தார். "நீங்க இன்னைக்குக் காலைல வந்தவங்க. நீங்க சொன்னா ஸ்டேஷன் மாஸ்டர் எப்படி நிறுத்துவார்?"

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. "அவர் யாருன்னு கேக்கவே இல்ல சார்."

மேலாளர் கன்ட்ரோலரைப் பார்த்தார். கன்ட்ரோலர் விளக்குகளைப் பார்த்தார். மேலாளர் போனை எடுத்து, வேறொரு ஸ்டேஷனை அழைத்து, குரல் தெரியாமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வண்டியை நிறுத்தி வைங்க."

"சரிங்க."

"வேணாம், விட்டுடுங்க."

"சரிங்க."

போனை வைத்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வழியில போறவன் போனை எடுத்தாக்கூட இங்க ரயில் ஓட்டலாம் போல! இதை முதல் பக்கத்துல எழுதிக் குடுங்க."

முதலாளிக்கு உயிர் வந்தது. "மேடம் எப்பவுமே இப்படித்தான் சார். உள்ள இறங்கித்தான் பாப்பாங்க" என்றார். அவள் கைகளை மறுபடி பைக்குள் போட்டாள்.

எழுதிக் கொடுத்தாள். பேசுகிறவர் முதலில் தான் யாரென்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்கிறவர் விடக் கூடாது. பிறகு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் அதைப் பழக்கினாள். சிலர் முணுமுணுத்தார்கள். "இதுக்கு ஒரு கன்சல்டன்டா?" என்று காதுபடவே கேட்டார்கள்.

கடைசி நாள் மேலாளர் தன் அறைப் போனை அவள் பக்கம் தள்ளினார். "இப்போ தொடலாம்" என்றார் முதலாளி. அழைத்தாள். முதல் நாள் பேசிய அதே ஸ்டேஷன். அதே குரல். முதலில் அது தான் யாரென்று சொன்னது.

"சரக்கு வண்டியை நிறுத்துங்க" என்றாள்.

"யாரு பேசுறது?"

"கன்ட்ரோல்தான்."

"கன்ட்ரோல்ல யாரு?"

"அவசரம்ப்பா, சொன்னதைச் செய்யி."

"அவசரம்னா யாருன்னு சீக்கிரம் சொல்லுங்கம்மா. இல்லைன்னா வண்டி போகும்."

வண்டி போனது. அவளுக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் சொல்லை ஒருவர் தட்டியதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. முதலாளி கையை நீட்டினார். "நிரந்தரம், மேடம்."

வராந்தாவுக்கு வந்து கடைக்குப் போன் செய்தாள். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"யாரு பேசுறது?" என்றார் கணவர், வேண்டுமென்றே.

"கன்சல்டன்ட் பேசுறேன்."

மிஷின் நின்றது.

"கை எங்க இருக்கு?"

"ஒண்ணு பையில. இன்னொண்ணுல போன்."