சாவு மேளம் கேட்காத வாரம்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். என்னைப் பார்த்துத்தான் சொல்வார். நான் கைலாசம். முப்பத்து நாலாம் வருஷம் ஓமலூர் தாலுகா கச்சேரிக்கு எதிரே மனு எழுதிக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து வியாழன்தோறும் வெளிவரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு நிருபரும் நான்தான். ஒரு இடத்தில் அரை நாழிகை உட்கார மாட்டேன். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி சைக்கிளில் சுற்றுவேன்.

அந்தப் பங்குனியில் கருக்கம்பட்டியில் காலரா. மற்ற நிருபர்கள் கிராமத்து மரணக் கணக்கைப் பார்த்து எழுதுவார்கள். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். சந்தையை மூடிவிடுவார்களே என்று காலராவைக் காய்ச்சல் என்று எழுதி வைத்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. என் வழி வேறு. நான் மேளக்காரர் காத்தானைப் பிடிப்பேன். அந்த ஊரில் யார் செத்தாலும் சாவு மேளம் அடிக்க அவர்தான் போக வேண்டும். முதல் வாரம் ஏழு என்றார், போட்டேன். மறுவாரம் ஒன்பது, அதையும் போட்டேன். கணக்குப் புத்தகத்தில் இருந்ததோ இரண்டு. “உம்முடைய எண்ணிக்கை தப்பாது” என்று ஆசிரியர் ராசப்பன் ஒரு கார்டு எழுதினார். அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

என் தங்கை செல்லாயியைக் கட்டிக் கொடுத்தது அதே கருக்கம்பட்டியில். நாங்கள் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். இரண்டே வருஷத்தில் அவள் பேச்சு மேற்கத்திப் பேச்சாகிவிட்டது. தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தவளால், பெண் குழந்தை பிறந்து மூன்று மாதமாகியும் திரும்ப முடியவில்லை. மாப்பிள்ளை நாச்சிமுத்து ஊரிலேயே இருந்தார். அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து தேய்ந்தாள்.

“நோவு நின்னுதுன்னு உங்க பேப்பர்ல வரட்டுங்கண்ணா. அன்னைக்கே கெளம்பிருவேன்” என்றாள்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை போனேன். ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டி, கோயிலில் கம்பம் நட்டிருந்தார்கள். அதன் பிறகு ஊருக்குள் கால் வைத்தவர்கள், கம்பம் பிடுங்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. எனக்கு அதெல்லாம் சரிப்படுமா? ஏரிக்கரையிலேயே நின்றேன். கரைக்கு அந்தப் பக்கம் கண்ணாத்தாள் என்ற அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

“சாவு மேளம் கேட்குதா அம்மா?”

“இல்லீங்க சாமி. எட்டு நாளா கோயல் மேளந்தானுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கரையிலேயே உட்கார்ந்து எழுதினேன்: ‘கருக்கம்பட்டியில் எட்டு நாளாக ஒரு மரணமும் இல்லை. நோய் ஓய்ந்தது.’ அந்த அம்மாளிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. செல்லாயி என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

“எப்படீங்கண்ணா கண்டுபுடிச்சீங்க?”

“அதெல்லாம் நிருபர் வேலை. உனக்கு எதுக்கு?” என்றேன். அந்த மண்டைக்கனத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அங்கே வாழ்ந்தவள் அவள். எப்படி என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே என் தப்பைப் பிடித்திருப்பாள். வெள்ளிக்கிழமை விடியலில் குழந்தையோடு வண்டிக்காரர் சின்னண்ணனின் மாட்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை சின்னண்ணன் கச்சேரி வாசலுக்கு வந்தார். “தங்கச்சிய எல்லையில எறக்கி உட்டனுங்க. கம்பம் நட்டிருக்குதுங்களே, நானு உள்ள போகலீங்க” என்றார்.

“அதனால் என்ன? அங்கே சாவே கிடையாது. மேளமே கேட்கவில்லை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கம்பம் நட்டுட்டா சாவு உளுந்தாலும் மேளம் அடிக்கறதில்லீங்களே. வாய் உட்டு அழுவறதுங்கூட இல்லீங்க. கமுக்கமாப் பொதச்சுருவாங்க.”

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. ஏரிக்கரையில் நின்று, கிடைத்தவரிடமெல்லாம் சொல்லியனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துச் செல்லாயி வந்தாள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். இடுப்பில் குழந்தை. முகத்தில் ஒன்றும் இல்லை.

“வந்துடு, செல்லாயி. எவன் கேட்கிறான் என்று பார்க்கிறேன்.”

“நானு வர முடியாதுங்கண்ணா. இந்தச் சின்னத் தாயி இன்னும் மண்ணுல கால் வெக்கல. இதுக்கு எல்லை இல்லைன்னு பூசாரி சொல்லீட்டாருங்க. கொண்டு போங்க. அண்ணிக்கும் கைப்புள்ளை இருக்குதுல்லங்க, பால் குடுப்பாங்க.”

கல்லுக்கு மேலாகக் குழந்தையை நீட்டினாள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“பென்சில் வெச்சிருக்கறீங்களா? எழுதுங்க. உங்க பேப்பர்ல ஒண்ணுமில்லைன்னு போட்டீங்களே, அத்தனையும் நாஞ் சொல்றேன்.”

ராசப்பன் எழுதிய கார்டுதான் பையில் இருந்தது. அதைத் திருப்பிப் பின்புறம் எழுதினேன். அம்மாசி. குப்பாயி. குப்பாயியின் மகன். மேளக்காரர் காத்தான். அந்தப் பெயரில் ஒரு நொடி நிமிர்ந்தேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

பதிமூன்றாவது பெயரையும் அதே குரலில்தான் சொன்னாள்.

“நாச்சிமுத்து. செவ்வாக்கெழம காத்தால.”

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் இந்தக் கரையில் குந்தி, நோய் ஓய்ந்தது என்று எழுதிய செவ்வாய்க்கிழமை அது. பென்சில் நின்றுவிட்டது.

“எழுதுங்கண்ணா. நீங்க நிறுத்துனா எனக்கு அழுவ வந்துரும். இங்க அழுவக் கூடாது.”

எழுதினேன். அதற்கப்புறமும் ஆறு பெயர் இருந்தது.