ஜூனிப்பரின் இடது கால்

"எண் இறங்குச்சு ரொவீனா, என் கண்ணால பார்த்தேன்."

"எண்ணு எங்க அக்கா இறங்குச்சு, இந்தக் கழுத எட்டி உதைச்சு..."

"நான் பேசி முடிக்கல."

"நீங்க முடிக்கறதுக்குள்ள இவ பள்ளிக்கூடம் போயிடுவா."

கழுதை, அதாவது ஜூனிப்பர், குழந்தைக்கான கார் இருக்கையின் பட்டைகளுக்குள் சாய்ந்து தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். குறைமாதத்தில், கையளவாக வந்து சேர்ந்தவள். வீட்டுக்குப் போகுமுன் இந்த இருக்கையில் மூச்சு தடுமாறாமல் உட்கார்ந்து காட்ட வேண்டும். தடுமாறினால் இன்னும் ஒரு வாரம் இந்த மருத்துவமனையில்தான். இடது பாதத்தில் சுற்றிய விளக்குப் பட்டை ரத்தத்தின் ஆக்சிஜனை அளந்து திரையில் எண்ணாகக் காட்டும்; எண் இறங்கினால் கருவி அலறும். சற்று முன் அதுதான் அலறியது.

தாய் கெய்லீன் மேலங்கியில் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று நின்றாள். கீழே கணவன் வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தான்.

"அவர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். என்ன சொல்லட்டும்?"

"வண்டிய அணைக்கச் சொல்லு," என்றாள் மூத்த செவிலி லொரெட்டா.

சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. ஆனால் இந்த வின்னிபெக்கிலிருந்து அவர்கள் ஊரான தாம்ப்சன் வரைக்கும் பனிச்சாலை. நடுக்காட்டில் அலறிச் சொல்ல எந்தக் கருவி இருக்கும்?

"பொறந்ததுலேருந்து நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க, அனுப்ப மனசு வரல," என்றாள் இளைய செவிலி ரொவீனா, விரலிலிருந்த சர்க்கரையை நக்கியபடி.

"மனசப் பத்தி யார் கேட்டா? மொதல்ல வாயத் தொடச்சுக்கோ."

கெய்லீன் கொண்டுவந்த டோநட் பெட்டி மேசைமேல் பாதி காலியாகக் கிடந்தது. பிள்ளை வாசல் தாண்டாமல் விடைபெறும் இனிப்பை லொரெட்டா தொடமாட்டாள். ஊரே சிரித்தாலும் அது அவள் சட்டம்.

"சரி, மறுபடி வைப்போம். திரைய நீ பாரு. மூஞ்சிய நான் பார்க்கறேன்."

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஜூனிப்பரும் விடாமல் அவளையே முறைத்தாள்.

"நல்லாருக்கு... நல்லாருக்கு..." ரொவீனா ஓதிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கருவி அலறியது. "அக்கா, இறங்குது."

லொரெட்டா திரும்பவில்லை. உதடு ரோஜா நிறம். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. ஒரு கொட்டாவி வேறு. கீழே, வலது காலின் கட்டைவிரல் இடது பாதத்துப் பட்டையை நிதானமாக நெம்பி உரித்துக்கொண்டிருந்தது.

"உதைக்கல ரொவீனா. கழட்டறா."

"நான் சொன்னேன்ல."

"நீ உதைக்கறான்னு சொன்ன."

பட்டையைக் கைக்கு மாற்றி, முதலிலிருந்து தொடங்கினார்கள். கடைசிவரை கருவி வாயே திறக்கவில்லை. மருத்துவர் வந்து பார்த்துத் தலையாட்டினார்.

"வண்டிய மறுபடி சூடேத்தச் சொல்லு," என்றாள் லொரெட்டா. கெய்லீனின் மற்றொரு கையும் மேலங்கிக்குள் புகுந்தது.

அவர்கள் போய்க் கதவு சாத்திக்கொண்டது. லொரெட்டா காலித் தொட்டிலின் விரிப்பை உருவிச் சுருட்டி, அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு டோநட் பெட்டியைத் திறந்தாள். மூலையில் பொடி மட்டும் இருந்தது. ரொவீனாவின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"இதுல மேப்பிள் பாகு தடவினது ஒண்ணு இருந்துச்சே ரொவீனா, அது எங்க?"