பெருமாயி காட்டுக்கு வந்த கடல்மணல்

செத்தக் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கைவேலையைக் கீழே வையுங்கள். ஒரு மணல்மேட்டின் கதை சொல்கிறேன்.

போன வருஷம் ஆடி பிறந்த அன்று, செம்பட்டிக்குத் தெற்கே, மல்லிகை போடும் பெருமாயியின் தரிசில் பனை உயரத்துக்கு ஒரு கடற்கரை மணல்மேடு வந்து உட்கார்ந்திருந்தது. கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போக வேண்டிய ஊர் அது. மேட்டில் கிளிஞ்சல் கிடந்தது, நண்டு ஓடியது, ஊதாப் பூவோடு அடம்புக்கொடி மேலெல்லாம் படர்ந்திருந்தது. அன்றைக்குத் தக்காளி விலை இறங்கியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பெருமாயி, பக்கத்துக் காட்டுக் கொழுந்தன் நல்லுசாமியைச் சந்தேகப்பட்டாள். புது வீடு கட்டுகிறவன். லாரி வைத்துக் கொட்டியிருப்பான். அவனோ, மதினிதான் விற்பதற்குப் பதுக்கியிருக்கிறாள் என்று டீக்கடையில் சொன்னான். சொன்ன கையோடு மேட்டில் ஆட்டை மேயவிட்டான், பூச்சு வேலைக்குச் சாக்குச் சாக்காக அள்ளவும் செய்தான். பெருமாயிக்குக் களை என்றால் ஆகாது. மணல் யாருடையதானால் என்ன, தன் காட்டில் கொடி கண்டபடி கிடந்தால் ஊர் சிரிக்காதா? ஆள் விட்டு அத்தனையையும் பிடுங்கி வரப்போரம் எறிந்தாள்.

அதன்பிறகுதான் மேடு நடக்க ஆரம்பித்தது. மேல்காற்று அடிக்க அடிக்க, மணல் முதுகேறிக் கிழக்கே சரிந்தது. நாளுக்கு நாள் மல்லிகைப் பாத்திகள் புதைந்துகொண்டே போயின. அவள் வீட்டு அடுப்பும் மகள் பானுப்ரியாவின் காலேஜும் அந்தப் பூவை நம்பித்தான் இருந்தன.

“கொழுந்தனாரே, ஆளில்லாத நேரத்துல மம்பட்டியால தள்ளிவிடுறது நீர்தானே?” என்று வரப்பில் நின்று கேட்டாள்.

“ஒரு சட்டி மணலுக்கு நாயா அலையுறேன் மதினி. கெடச்சத ஒங்க காட்டுலயா தள்ளுவேன்?” என்றான் அவன்.

அவள் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வரப்பில் குத்தவைத்துப் பகலெல்லாம் பார்த்திருந்தாள். யாரும் வரவில்லை, காற்றுதான் வந்தது. அவள் பிடுங்கி எறிந்த கொடி ஓரிடத்தில் வேர்பிடித்திருந்தது. அங்கே மட்டும் மணல் நகராமல் நின்றது. வெறுமையாக்கிய இடத்திலும், ஆடு கடித்த இடத்திலும், அள்ளிய குழியிலும் புகைபோலக் கிளம்பியது.

மறுநாள் அதே ஆட்களை வைத்துக் களையை நட்டாள். காற்றுக்குக் குறுக்கே பனையோலைத் தட்டி கட்டினாள். களைக்குத் தண்ணீர் ஊற்றும் மல்லிகைக்காரியை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

“ஆட்டக் கட்டும், அள்ளுறத நிப்பாட்டும். இல்லாட்டி என் காட்டத் தின்னுட்டு நேரா உம்ம புது வீட்டுக்குத்தான் வரும்” என்றாள் நல்லுசாமியிடம். இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றே அவன் நினைத்தான். இருந்தாலும் ஆட்டைக் கட்டினான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மேடு நின்றுவிட்டது. பாதி மல்லிகை பிழைத்தது. பானுப்ரியா காலேஜுக்குப் போகிறாள். இப்போதும் காலையில் இருவரும் தனித்தனியே வந்து, மணலில் அடுத்தவர் காலடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். டவுன் பஸ் கண்டக்டர் “மணல்மேடு எறங்கு” என்று குரல் கொடுக்கிறார். இறங்க வேண்டியவர்கள் இறங்குகிறார்கள்.

உங்கள் வீட்டு வாசல்படி வைத்த இடத்தில் நிலைத்திருக்கட்டும் கண்ணுகளா, உலை கொதித்துக்கொண்டே இருக்கட்டும்.