குவைத்தில் தெரியும் வீடு

...மயில்தான், வேறென்ன, விராலிமலையில் மயில் ஏறாத மொட்டைமாடி ஏது, ஆனால் திலகவதி மேலே போய்ப் பார்ப்பதற்கு முன்பே குவைத்திலிருந்து அவள் புருஷன் செல்லமுத்து போன் போட்டுச் சொல்லிவிட்டாரே, "பேனல் மேல மயிலு நிக்குது போல திலகா, கரண்டு கொறையுது, வெரட்டிவிடு" என்று. படியேறிப் போனால் நிஜமாகவே சோலார் பேனல்மேல் தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்று நின்றது, கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது, யார் சொல்லி வந்தாய் என்பதுபோல்... கீழே வந்து துணிகளை மெஷினில் போட்டாள், வெயில் இருக்கும்போதே போட வேண்டும், மாவாட்டுவது, மோட்டார் ஓடுவது, இஸ்திரி போடுவது எல்லாம் உச்சி வெயிலில்தான், அப்போது கரண்ட் கூரையிலிருந்தே கிடைக்கிறது, புது மீட்டர் வந்தபின் சாயங்காலக் கரண்டுக்கு விலை கூட, அந்த நேரத்தில் எதையும் தொடாதே என்பது அவர் சொல். பில் குறைந்தது உண்மைதான், யார் இல்லையென்றார்கள். பேனல் மாட்ட வந்த பெலிக்ஸ், எந்த ரூமில் எவ்வளவு ஓடுகிறதென்று போனில் தனித்தனிக் கோடாகத் தெரியும் அக்கா என்றான், யாருடைய போனில் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டுமோ?

நேற்று அவள் அக்கா செல்வராணி வந்திருந்தாள், அவருக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் சொல்லவில்லை, பின்னறையில் இருவரும் படுத்துக்கொண்டு செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பேசி அழுதார்கள், தலைக்குமேல் பேன் சுற்றியது, அவ்வளவுதான், அக்கா பஸ் ஏறியதும் போன். "பின் ரூம்ல பேன் ஓடிச்சே, யாரு வந்தா?" "யாரும் வரலைங்க, நாந்தான் அங்கிட்டுப் படுத்திருந்தேன்." "ஹால் பேனும் ஓடிச்சு." "அணைக்க மறந்துட்டேன்." அவர் அறையில் ஏசி இரையும் சத்தம் கேட்டது, "சண்டைக்குக் கேக்கலை திலகா, இங்க ரூம்ல தனியாக் கெடக்கேன், அந்தக் கோடு ஏறி எறங்குறதப் பார்த்தா நீ பக்கத்துல நடமாடுற மாதிரி இருக்கு" என்றார். ஆசையாகத்தான் சொன்னார், ஆனால் அதற்குப்பின் குளியலறை விளக்கைப் போடும்போதுகூட முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், சுவிட்சுக்குக் கண்ணா இருக்கிறது?

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது, எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, டிவி பாடுகிறது, இவள் வீடு மட்டும் இருட்டு, வழக்கமாக இந்த நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள், இன்று எழுந்து உள்ளே போனாள், ஏனென்று யோசிக்கவில்லை, ஹால் விளக்கைப் போட்டாள், பேனைப் போட்டாள், பின்னறை, சமையலறை, குளியலறை, யாரும் படுக்காத மாடியறை, ஒன்று விடாமல்... பேன்கள் சுற்றின, காலண்டர் தாள் படபடத்தது, கட்டிலில் மடிக்காமல் கிடந்த போர்வை ஓரம் தூக்கித் தூக்கி அடங்கியது, ஒவ்வொரு அறையிலும் யாரோ இருந்தார்கள், வீடு நிறைய ஆட்கள், இதில் அவள் எந்தக் கோடு? ஹால் நடுவில் வந்து நின்றாள், திட்டுவார், ரேட்டு கூடுன நேரத்துல என்ன கூத்து இது என்பார், திட்டட்டும்... போன் அடித்தது. "திலகா." "சொல்லுங்க." திட்டவில்லை, பில்லைப் பற்றிப் பேச்சே இல்லை. "எந்த ரூம்ல இருக்க நீ?" திருவிழாவில் அம்மா கையை விட்டுவிட்ட பிள்ளையின் குரல் அது, அவரிடம் இதுவரை கேட்டதில்லை. "எல்லாம் ஓடுது, நீ எங்கன இருக்கன்னே தெரியமாட்டேங்குது." ஹாலில்தான் இருக்கேன், ஒரு வார்த்தை, சொல்லிவிடலாம்... "திலகா, இருக்கியா" என்கிறார், பயந்துபோயிருக்கிறார், பாவம் என்று நினைக்கும்போதே அடியில் இன்னொன்றும் தட்டுப்பட்டது, அவர் பயப்படுவது அவளுக்குப் பிடித்திருக்கிறது, பிடித்துத்தான் இருக்கிறது, எப்போதிலிருந்து...