ஐந்து பேர் கார்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷைனி வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை ஷிஃப்ட் என்றால் கவுஸ் பாய் வண்டியில்தான் பொழுது விடியும். கம்பெனி கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டி, இட்லி, வடகறி. நின்று சாப்பிட்டால் ஆறு மணிக்குள் வருகைப் பதிவு மெஷினில் கார்டு போட முடியாது. அதற்கு பாயே ஒரு வழி செய்திருந்தார். ஷைனியோடு சேர்த்து கம்பெனி லேபில் வேலை பார்த்த பெண்கள் ஐந்து பேரில் ஒருத்தி எல்லாருடைய கார்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள். மற்ற நால்வரும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். யாருடைய முறை என்பது பாய்க்குத்தான் நினைவிருக்கும்.

"இன்னா, ஏமாத்தறியா? நேத்து அவ ஓடினா, இன்னிக்கு நீ ஓடு" என்பார். ஓடியவளுக்கு இலையில் பொட்டலம் தனியாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதக் காலையில், 'துலுக்கனுக்கு இங்க இன்னா வேல' என்று கேட்டு வந்த நான்கு பேர் பாயை அடித்தே கொன்றார்கள். பார்த்தவர்கள் பலர். சாட்சி சொல்ல முன்வந்தவள் ஷைனி மட்டும்தான்; கூட நின்று சாப்பிட்ட மூவரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள்.

இன்று திருவள்ளூர் கோர்ட்டில் விசாரணை. அடி விழுந்தது ஆறு ஐந்துக்கு. ஷைனியோ ஐந்து ஐம்பத்து நாலுக்கே உள்ளே போய்விட்டதாகக் கம்பெனிப் பதிவு சொல்கிறது. அன்று கார்டு போட ஓடியவள் கிறிஸ்டினா. அடுத்தவர் கார்டைப் போட்டது தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். கிறிஸ்டினாவும் கோர்ட்டுக்குக் கூட வந்திருந்தாள்.

"உனுக்கு வேல போனா உங்கப்பா பாத்துப்பாரு. எனக்கு யாருடீ இருக்காங்க? எம் பேர மட்டும் சொல்லாத."

எதிர் பெஞ்சில் பாயின் மனைவி மெஹரூன் உட்கார்ந்திருந்தார். ஷைனியை அருகில் கூப்பிட்டார்.

"அன்னிக்கு இன்னாம்மா சாப்ட்ட?"

"மூணு இட்லி."

"வடகறி?"

"ரெண்டு வாட்டி ஊத்தினாரு."

மெஹரூன் லேசாகச் சிரித்தார். "அதுல பட்டையும் லவங்கமும் நான்தான் இடிச்சுத் தருவேன்."

ஷைனிக்கு அந்த மணம் அப்படியே வந்தது. கிறிஸ்டினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கார்டு நேரத்தைப் பற்றித்தான் கேட்டார்.

"உள்ள இருந்த நீங்க வெளிய நடந்தத எப்படிம்மா பாத்தீங்க?"

"நான் உள்ள போகல சார். என் கார்டை வேற ஒருத்தங்க போட்டாங்க."

"யாரு?"

ஷைனி இரண்டு கைகளாலும் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கிறிஸ்டினா."

வெளியே வந்தபோது கிறிஸ்டினா படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நாளைக்கு ரெண்டு பேரையும் கேட்லயே நிறுத்திடுவாங்க."

"ம்."

கிறிஸ்டினா ஒரு படி இறங்கினாள்.

"எனக்கும் சம்மன் வருமா?"

"வரும்னுதான் நெனைக்கிறேன்."

"வரட்டும். உன் ஒரு கார்டு மட்டுமா போட்டேன்? அஞ்சு கார்டு போட்டேன். நாலு பேரு வெளிய நின்னு தின்னுகினு இருந்தாங்கன்னு சொல்றேன். மத்த மூணு பேரும் எதையும் பாக்கலன்னு எப்படிச் சொல்றாளுங்க, பாத்துடலாம்."