ஷோனா, பன்னிரண்டு நிமிடம்

படியின் திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. மேலே என் கூட்டாளி டூகி, கீழே நான். எண்பது கிலோவில் பாதிக்கு மேல் என் நெஞ்சில்தான். இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் இந்தத் தெருக்களின் மாடிப்படிகளெல்லாம் ஒரே அச்சு. பதினோராவது படியில் இடப்பக்கம் திரும்பும். அந்த இடத்தில் கட்டிலை நிமிர்த்தி, தலைப்பக்கத்தைச் சுவரோடு சாய்த்து, கால்பக்கத்தைக் கைப்பிடிக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. விளக்குக் குழல்களுக்கு நடுவே படுத்துத் தோலைக் கறுக்கவைத்துக்கொள்கிற வெயில் கட்டிலை வேனில் ஏற்றுவது, வீட்டுக்குக் கொண்டுபோய் மாடியில் போடுவது, நான்கு வாரம் கழித்துத் திரும்ப இறக்கிக் கொண்டுவருவது. மே மாதம் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. ஸ்பெயினுக்குப் போகிறவர்கள், கல்யாணம் வைத்திருக்கிறவர்கள், எல்லாரும் ஒரே மாதத்தில் கறுத்தாக வேண்டும். ஒரு வீட்டார் வாடகைக்கு எடுத்தால் அந்தத் தெருப் பெண்கள் பாதிப்பேர் வந்து முறைவைத்துப் படுத்துவிட்டுப் போவார்கள்.

"என்ன பெரிசு, செத்துட்டியா?" என்றான் டூகி மேலேயிருந்து.

"செத்தா கட்டில் உன்மேலதான்டா விழும். பிடி."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "அப்பா, சுவத்துப் பேப்பரக் கிழிச்சிராத. லியானோட அம்மா கொன்னுடுவாங்க."

ஷோனா. என் மகள். காலையில், தையல்காரியிடம் தன் கல்யாணக் கவுனை அளவு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். என் கை வழுக்கியது. டூகி கெட்ட வார்த்தையில் கத்தினான். எப்படியோ முட்டுக்கொடுத்து மேலே ஏற்றிவிட்டோம்.

மாடியில் தெருப்பக்க அறை. லியான் சாமான்களையெல்லாம் ஒதுக்கி இடம் பண்ணி வைத்திருந்தாள். ஷோனாவும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். மூன்று வாரத்தில் நடக்கப்போகும் ஷோனாவின் கல்யாணத்தில் தோழிகளாக நிற்கப்போகிற மூன்று பேரில் லியான் ஒருத்தி. அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெயர்கள், எதிரே நிமிடங்கள். நான் வந்ததும் ஷோனா அதை மறைக்கக்கூட இல்லை. அதன் பக்கத்திலேயே தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். எதற்கு மறைக்க வேண்டும்? அவள் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. பால்காரனுக்குச் சீட்டு எழுதியதும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புகார்க் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான். அவள் வாசித்த அந்தப் புகார்க் கடிதங்களில் எத்தனை புகழ்ச்சி இருந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் எனக்குப் படிக்கத் தெரியும். போன நவம்பரிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் நூலகத்தின் பின்னறையில் ஏழு பேர் உட்காருகிறோம். என்னைத் தவிர எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். சொந்த ஊரில் சொந்த மொழியில் தற்குறி நான் ஒருவன்தான். ஐம்பத்தேழு வயதில் பென்சிலைப் பிடிக்கிறேன் என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. கிளப்பில் டார்ட்ஸ் ஆடப்போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். திரும்பி வந்தால், "ஜெயிச்சியா?" என்பாள். "தோத்துட்டேன் கண்ணு" என்பேன். சில வியாழன் அது உண்மையும்கூட.

கிடைத்ததையெல்லாம் படியுங்கள் என்றார் வாத்தியாரம்மா. சூப் டப்பாவைப் படித்தேன். பஸ் நிறுத்தத்தைப் படித்தேன். பதினாறு வருடம் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிய கட்டிலின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும்; அதைப் படிக்க எனக்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஆயிற்று. வெளுத்த தோல், சிவந்த முடி, முகத்தில் புள்ளிகள், வெயில் பட்டால் எரியும், கறுக்காது. இப்படிப்பட்டவர்கள் இதில் படுக்கவே கூடாது. அந்த அடையாளங்களைச் சொல்லி யாராவது ஆளைத் தேடினால் நேராக என் வீட்டுக்குத்தான் வந்து நிற்பார்கள்.

அதற்குப் பிறகு சமையலறை இழுப்பறை. கேஸ் பில், வேன் காப்பீடு, அதற்கடியில் ஆஸ்பத்திரிக் கடிதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஷோனாவின் முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கடிதத்தை அவள் நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினாள். "ஒண்ணுமில்லப்பா. சாதா மச்சம்தானாம். சௌக்கியமா இருங்கன்னு போட்டிருக்கான்." நான் இரண்டு இரவு உட்கார்ந்து விரல் வைத்துப் படித்ததில், சாதா என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. புற்றின் ஆரம்பம் என்று இருந்தது. முழுவதும் எடுத்தாகிவிட்டது என்றும் இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை வந்து காட்ட வேண்டும், வெயில் கட்டிலில் இனி ஒருபோதும் படுக்கக் கூடாது என்று இருந்தது. 'ஒருபோதும்' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

ஆறு வாரமாக அந்தக் கோட்டைச் சுமந்துகொண்டு திரிகிறேன். எப்படிக் கேட்பது? கேட்டால் படித்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இன்னொன்றையும் பேச வேண்டும்.

டூகி மிச்சச் சாமானை எடுக்கக் கீழே போனான். நான் கதவுப் பக்கம் தலையை ஆட்டினேன். "லிஸ்ட்டா? யார் யாரு?"

ஷோனா சாவகாசமாகத் திரும்பி விரலை வைத்தாள். "லியான் எட்டு நிமிஷம். கெம்மா எட்டு. டோனா பத்து. அவ்வளவுதான்."

அவள் விரல் மூன்றாவது வரியைத் தாண்டிப் போனது. இருட்டிலும் பழகிய வீட்டில் உடைந்த படியைத் தாண்டுகிற மாதிரி, யோசிக்காமல், வெகு லேசாகத் தாண்டியது. அந்தக் கடிதத்தையும் இப்படித்தான் தாண்டித் தாண்டி வாசித்திருப்பாள்.

"மூணாவது வரிய விட்டுட்ட," என்றேன்.

"என்னது?"

நான் விரலை வைத்தேன். வகுப்பில் வருகிற அதே வியர்வை. "ஷோ... ஷோனா. பன்னெண்டு."

லியான் சிரிக்க ஆரம்பித்து, ஷோனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். என் மகளுக்குக் கோபமோ வெட்கமோ வந்தால் கழுத்திலிருந்து சிவப்பு ஏறும். புள்ளியெல்லாம் அதில் மூழ்கிவிடும். ஆனால் முதலில் வந்தது அது இல்லை. அவள் கண் விரிந்தது. "அப்பா! நீ படிச்ச!" என்றாள். "எப்பலேர்ந்து?"

"நவம்பர்லேர்ந்து. வியாழக்கெழம."

"டார்ட்ஸ்?"

"டார்ட்ஸ் இல்ல."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு கணம் என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள் என்றே நினைக்கிறேன். வந்த கை பாதியில் நின்றது. கணக்குப் போட்டுவிட்டாள். சிவப்பு ஏற ஆரம்பித்தது.

"சமையலறை டிராயர்ல..." என்றாள்.

"ஆறு வாரமாச்சு."

"என்ன டிராயர்?" என்றாள் லியான். என் பக்கம் திரும்பினாள். "ஷோனா அப்பா, இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? எல்லாரும்தான் படுக்கறாங்க. முதல்ல இதுல கறுத்து ஒரு அடிப்பூச்சு போட்டுக்கிட்டா அப்புறம் நெசமான வெயில் ஒண்ணும் பண்ணாது. கொஞ்சம் செவக்கும், ரெண்டு நாள்ல அது கறுப்பாயிடும்."

"இவளுக்குக் கறுக்காது. செவக்கும், உரியும், மறுபடி வெளுக்கும்."

"அதனாலதான் இவளுக்குப் பன்னெண்டு போட்டோம். மத்தவங்கள விட வெளுப்பில்லையா?"

வெளுப்பு அதிகம் என்றால் பூச்சும் அதிகம். சுவருக்குச் சரி. கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. சிநேகிதியின் மேலுள்ள ஆசையில் நாலு நிமிடம் கூடப் போட்டிருக்கிறாள். "இவ முதுகுல என்ன வெட்டினாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அப்பா!"

"கொழுப்புக் கட்டின்னு..." என்று லியான் இழுத்தாள்.

"லியான், கீழ போய் டீ போடு," என்றாள் ஷோனா. அந்தக் குரலில் அவளை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அவள் அம்மா போனபிறகு பத்து வயதிலிருந்து என் வீட்டை நடத்திய குரல். லியான் போனாள். ஷோனா கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகை வைத்துக்கொண்டாள்.

"பிளாஸ்டர் ஒட்டிக்குவேன்," என்றாள் மெதுவாக. "தழும்பு மேல ரெண்டு பிளாஸ்டர், ஒண்ணு மேல ஒண்ணு. அந்த எடத்துல வெளிச்சமே படாது."

"மத்த எடம்?"

"மூணு வாரம்தான்ப்பா. அப்புறம் தொடக்கூட மாட்டேன்."

"கடுதாசில மூணு வாரம்னு இல்ல."

"நீ கடுதாசியப் பேசாத." கையை நீட்டிக் காட்டினாள். பால் நிறம், நீல நரம்பு தெரிந்தது. "இதப் பாரு. அவளுங்க மூணு பேரும் பழுப்பா பளபளன்னு நிப்பாளுங்க. நடுவுல நான். வெள்ளக் கவுன்ல வெள்ளையா. கவுன் மட்டும் தனியா நடந்து வந்த மாதிரி இருக்கும். ஃபோட்டோவுல நானே இருக்க மாட்டேன்ப்பா."

"நீ இருக்கணும்னுதான் நானும் சொல்றேன்."

அதைச் சொன்னபின் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கீழே கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் பொய் படிச்சேன்னு கேக்க மாட்டியா?" என்றாள்.

"தெரியும்."

"தெரியாது. என்னய அதுல மொதல்ல படுக்க வச்சது யாரு? சொல்லு. பதினாலாவது பொறந்தநாள். ரெண்டு வாடகைக்கு நடுவுல கட்டில் நம்ம முன்னறையில கெடந்துச்சு. ஸ்கூல்ல பால் பாட்டில்னு கூப்பிடறாங்கன்னு அழுதேன். நீ என்ன பண்ண? ப்ளக்க மாட்டின. கண்ணாடி போட்டுவிட்ட. அரை மணி நேரம் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாட்டுப் பாடின. அந்தக் கடுதாசிய உள்ளத உள்ளபடி படிச்சிருந்தா நீ என்ன ஆகியிருப்ப?"

அந்த அரை மணி நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மஞ்சள் தாள் என் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தேன்.

"நான்தான்," என்றேன். "நான்தான் பண்ணேன்."

"நான் குத்தம் சொல்லல."

"சொல்லு. பரவாயில்ல, சொல்லிடு. சொல்லிட்டு இதுல படுக்காத."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டூகி கதவைத் தட்டி, ஷோனா விலகியதும் தலையை நீட்டினான். "என்ன பெரிசு, இன்னும் ஸ்டார்ட்டர் போடலியா? மதியத்துக்குள்ள இன்னும் ரெண்டு வீடு கெடக்கு."

ஸ்டார்ட்டர்கள் என் மேல்சட்டைப் பையில் இருந்தன. வேன் குலுக்கலில் கழன்று விழும் என்பதால் அவற்றைத் தனியே துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, கடைசியில் மாட்டுவோம். ஒரு குழலுக்கு ஒன்று, மொத்தம் இருபத்துநான்கு. அவை இல்லாவிட்டால் கட்டில் வெறும் கண்ணாடிப் பெட்டிதான். பையோடு இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. உடைந்துவிட்டது என்று முதலாளியம்மாவிடம் சொல்லலாம். சாயங்காலத்துக்குள் வேறொருவன் வேறு பை கொண்டுவருவான். அதுவும் இல்லாவிட்டால் கடைத்தெருவில் மூன்று கடை இருக்கிறது. காசைப் போட்டுப் படுக்கலாம். இருபத்தாறு வயதுப் பெண்ணை நான் எத்தனை தெருவில் காவல் காக்க முடியும்?

பையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். உள்ளே ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன.

"எங்க மாட்டணும்னு உனக்குத் தெரியும். நான்தான் காட்டிக் குடுத்தேன்."

"இது என்னப்பா?" என்றாள். "பயமுறுத்தறியா?"

"இல்ல கண்ணு. நான் மாட்ட மாட்டேன். அவ்வளவுதான். எனக்குக் கை வரல."

பதிலுக்கு நிற்கவில்லை. படியில் இறங்கினேன். லியான் டீக் கோப்பையோடு நடையில் நின்றபடி, "கேன்சரா?" என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "அவளக் கேளு," என்றேன்.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். கடல் பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது. மதியம் நெருங்கியும் தெரு மங்கிக் கிடந்தது. டூகி சாவியைப் போட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் இரு."

"எதுக்கு?"

"சும்மா இரு."

மாடி ஜன்னலையே பார்த்தேன். அந்த விளக்கு எரிந்தால் வெளியே தெரியும். திரையின் ஓரத்தில் ஊதாக் கோடு ஒன்று விழும்; இந்தத் தெருக்களில் எத்தனையோ ஜன்னலில் பார்த்திருக்கிறேன். இருபத்துநான்கையும் மாட்ட எனக்கு நான்கு நிமிடம். பழக்கமில்லாதவளுக்குப் பத்து ஆகலாம். டூகி ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்தான். அவனும் ஜன்னலைத்தான் பார்த்தான். வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

திரை அசைந்தது. ஜன்னலின் கீழ்ப்பாதி மேலே நகர்ந்து, மகளின் கை வெளியே வந்தது. முழங்கை வரைக்கும் வெளியே. அந்த மங்கலில் தெருவிலேயே வெளுப்பாகத் தெரிந்தது அது ஒன்றுதான். மழை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. துணிப்பையின் மேல் விரல்கள் மூடியிருந்தன.