பத்துக்கு எத்தனை

மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறவர்கள் சாயங்காலம் மணி அடித்ததும் பாடத்தைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நம் வாத்தியார் அதையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வீட்டில் ஒரு குடை வாங்குவதென்றாலும் கணக்குப் போடாமல் வாங்க முடியாது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும், மேசையைத் துடைத்துவிட்டு அவரும் மனைவியும் மகளும் உட்கார வேண்டும். வாடகை, மளிகை, மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சும் தொகையை ஒரு தாளின் தலையில் எழுதுவார். அவரவருக்கு வேண்டியதைச் சொல்லி, அது கிடைத்தால் எவ்வளவு சந்தோஷம் என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். மார்க்கை அவர் விலையால் வகுப்பார். எதற்கு அதிகம் வருகிறதோ அதுதான் முதலில் வாங்கப்படும். "குடுக்கிற காசுக்கு எதுல பயன்பாடு ஜாஸ்தியோ அதத்தான் புத்தியுள்ளவன் வாங்குவான்" என்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

மகள் ஹேர் கிளிப்புக்குக்கூடப் பத்து போடுவாள். "எல்லாமே பத்துன்னா எதுவுமே பத்தில்ல" என்று அவளுக்கு ஒரு குட்டிப் பிரசங்கம் நடக்கும். அவளும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பாள். மனைவியின் மார்க் நாலைத் தாண்டுவது அபூர்வம். "அவளுக்கு ஆசையே கம்மி. எங்க வீட்டு பட்ஜெட் நிக்கிறதே அவளாலதான்" என்று அவர் பிள்ளைகள் முன்னால் வகுப்பிலேயே பெருமையடித்துக்கொண்டதுண்டு. அந்த வாயைப் பிற்பாடு அவரே எத்தனையோ முறை நொந்துகொண்டார்.

மனைவி ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். பட்டன் துளையைச் சுற்றி நூல் ஓட்டும் காஜா வேலை அவள் கைக்குத்தான் வரும். பகலெல்லாம் ஊசி பிடித்த கையால் காலையில் மூன்று பேர் துணியையும் துவைப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாஷிங் மெஷின் கேட்டாள். எட்டு மார்க் போட்டிருந்தாள். வாத்தியார் அதே மாதம் சாய்ந்து படிக்க ஒரு நாற்காலி கேட்டு ஏழு போட்டிருந்தார். கடையில் போய்ச் சாய்ந்தும் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. வாங்க முடிந்தது ஒன்றுதான்.

"எட்டா?" என்று கேட்டார். பரீட்சையில் தப்பு விடை எழுதிய பையனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று அவரிடம் உண்டு. அதைச் சிரித்தார். "நல்லா யோசிச்சுப் போடும்மா. இருக்கிறது மூணு பேர் துணிதானே?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள். "ஆமா, எனக்கென்ன, கை இருக்கு" என்றாள்.

நாற்காலி வந்தது. கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அவள் மார்க்கைத் திருத்த அவர் பேனாவைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் அன்று நடந்தது என்னவென்று அவர் மனசுக்குத் தெரியும். அவள் ஈரத் துணியின் ஒரு முனையைக் குழாயில் மாட்டிவிட்டு, மறுமுனையை இடது கையால் முறுக்குவதை அந்த நாற்காலியில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். நடுநடுவே வலது கையை உதறிக்கொள்வாள். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொள்வார். ரொம்ப வலித்தால் மறுபடி மார்க் போட மாட்டாளா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். அவள் அதற்கப்புறம் வாஷிங் மெஷின் பேச்சையே எடுக்கவில்லை.

போன வாரம் கடையில் கத்தரிக்கோல் அவள் கையிலிருந்து நழுவிக் கால் மேல் விழுந்தது. "டாக்டரப் பாத்துட்டு வேலைக்கு வா" என்று முதலாளியம்மா அனுப்பிவிட்டாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மனைவியின் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். வாத்தியார் பக்கத்து ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நரம்பு அழுந்தியிருக்கும்மா. ஆரம்பம்னா மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கிட்டு ஆறு மாசம் பாக்கலாம். முத்திப் போயிருந்தா உடனே ஆபரேஷன் பண்ணிடணும். தள்ளிப்போட்டா கட்டைவிரல் பலம் போயிடும், அப்புறம் ஊசியே பிடிக்க முடியாது. அதனால சரியாச் சொல்லுங்க. எத்தனை நாளா இருக்கு?"

மனைவி கணவனைப் பார்த்தாள். "இப்பத்தான் டாக்டர். ஒரு ரெண்டு மாசமா."

"வலி எப்படி? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும், மகளின் அடுத்த கட்டணம் எப்போது என்று அவள் அங்கே தேடுவது அவருக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவள் ஆசைக்கு மார்க் போடவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறாள்.

"மூணு" என்றாள்.

"அப்ப பயமில்ல. பட்டையே போதும்" என்று டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்தாள்.

பேசாமல் இருந்தால் பத்து நிமிஷத்தில் வெளியே போய்விடலாம். பட்டை மலிவுதான். அந்தக் கணக்கு அந்த நிமிஷத்திலும் மண்டைக்குள் ஓடியதை நினைத்து அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மூணு இல்ல டாக்டர்."

"சார், வலி அவங்களுக்கா, உங்களுக்கா?"

"அவ மூணுன்னா அது மூணில்ல. ரெண்டு மாசமும் இல்ல, ரெண்டு வருஷம். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீங்க சும்மா இருங்க" என்று மனைவி அதட்டினாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்."

"ரெண்டு வருஷமா? அப்ப ஏன் சார் கூட்டிட்டு வரல?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் நாற்காலி வாங்கிட்டேன்" என்றார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், காதுவரை சிவந்துவிட்டது. அவள் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டோமோ என்று அவர் தவித்தார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள் டாக்டர், இந்த முறை மெதுவாக. "பத்துக்கு எத்தனை?"

மனைவியின் தலை பழக்கத்தில் அவர் பக்கம் திரும்பியது. வாத்தியார் எழுந்தார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

"பத்து" என்றாள் அவர் மனைவி.